ரத்னாபாயின் மஞ்சள் வெளிச்சம்

இடுப்புயரத்தில் பிடித்துக்கொண்டு, கையை அப்படியே விரித்துவிட்டாள் ரத்னாபாய். புத்தம் புது டார்ச். இன்னும் விலைகூடக் கேட்கவில்லை. நயினார் கடைச் சிமெண்டுத் தரையில் ணங்கென்று விழுந்து, மூடி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம், ஸ்பிரிங் ஒரு பக்கமாகத் தெறித்தது. கல்லாவில் இருந்த நயினார் "ஐயையோ!" என்று பாதி எழுந்துவிட்டார். என் கையிலிருந்த டீ சட்டையில் கொட்டிவிட்டது. அவளோ குனிந்து ஸ்பிரிங்கை எடுத்து, ஒரு தடவை அழுத்திப் பார்த்து, மேஜைமேல் வைத்தாள்.

"இது ஆவாது அண்ணாச்சி. அடுத்தது எடுங்க."

"ஏம்மா, கீழ போட்டுப் பாக்க இது என்ன தேங்காயா? ஒடஞ்சா யாரு பதில் சொல்லுதது?"

"ஒடயட்டும். இஞ்ச வச்சு ஒடஞ்சா நட்டம் உங்களுக்கு. மலையில வச்சு ஒடஞ்சா நட்டம் எனக்காக்கும்."

நயினார் என்னைப் பார்த்தார். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் எத்தனையோ பேர் டார்ச் வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். பட்டனைத் தட்டுவார்கள், சுவரில் அடித்துப் பார்ப்பார்கள், ரூபாயைக் குறைக்கச் சொல்வார்கள், போவார்கள். இப்படிக் கொலைகாரத்தனமாக வாங்கும் ஒரு மனுஷியை அன்றைக்குத்தான் கண்டேன்.

அடுத்த டார்ச் விழுந்தும் உடையவில்லை. சரி, முடிந்தது என்று நினைத்தேன். எங்கே முடிந்தது! கடைக்காரர் கைகழுவ வைத்திருந்த வாளிக்குள் அதை முக்கினாள். தண்ணீருக்கு அடியில் வைத்தே தட்டிப் பார்த்தாள். எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கினாள். ஈரக் கையோடு ஒற்றைக் கட்டைவிரலால் பட்டனை மேலும் கீழும் தள்ளினாள். சேலைத் தலைப்பில் வெளிச்சத்தை விழவிட்டு, நடுவில் கறுப்புப் பொட்டு தெரிகிறதா என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். பிறகு மேஜையில் படுக்க வைத்து, மேஜையையே ஒரு பக்கம் தூக்கினாள். நயினாருடைய பேனா, ரசீதுப் புத்தகம், பாதி குடித்த சோடா எல்லாம் சரிந்து வந்தன. டார்ச் மட்டும் அசையவில்லை. அதன் தலை எட்டுப் பட்டை.

"உருளப்பிடாது," என்றாள் எனக்கு விளக்குவதுபோல. "வண்டிக்கு வைக்கதுக்காக்கும். உருண்டுதுண்ணா பிரேக்குக்க அடியில போய் இருக்கும். பின்ன சவுட்டினா வண்டி நிக்குமா சாரே?"

சாரே என்று கூப்பிட்டதும்தான் என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள் என்று புரிந்தது. நான் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். மாதம் ஒரு தடவை போனக்காடு தேயிலை எஸ்டேட்டுக்குப் போய், லயம் என்கிற கூலிக்காரர் வரிசை வீடுகளில் இருக்கும் ஜனங்களிடம் பாலிசி பேசுவது என் பிழைப்பு. வித்துரா வரை பஸ். மலைக்கு நாளைக்கு ரெண்டு பஸ்தான் என்பதால், அங்கிருந்து யோசுவாவின் ஜீப். அந்த யோசுவாவின் வீட்டுக்காரிதான் இந்த ரத்னாபாய். பாறசாலைப் பக்கத்துக்காரர்கள், கல்யாணமான வருஷமே வித்துராவில் வந்து தங்கிவிட்டவர்கள். எந்த டிரிப்பானாலும் முன் சீட்டில் புருஷனுக்குப் பக்கத்தில் இவள் உட்கார்ந்திருப்பாள். மனுஷன் அழகாக இருப்பார். அதனால் அந்தம்மாவுக்குச் சந்தேகம், கண்ணை எடுக்காமல் காவல் இருக்கிறாள் என்று நாங்கள் பின் சீட்டில் சிரித்துக்கொள்வோம். வயதில் எனக்கு இளையவளாகக்கூட இருக்கலாம். ஆனாலும் அந்த உயரத்துக்கும் குரலுக்கும் அக்கா என்றுதான் வாயில் வரும்.

"அக்கா, ஜீப்புக்கு முன்னால் ரெண்டு பெரிய லைட் இருக்கிறதே. ஒரு டார்ச்சுக்கு எதற்கு இத்தனை பாடு?" என்று கேட்டேன்.

டார்ச்சைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே, இன்றைக்கு மழை வரும் என்று சொல்லும் குரலில் சொன்னாள்:

"வெளிச்சம் கொறஞ்சா எங்க ஆளுக்குக் கண்ணு தெரியாது சாரே."

"யாருக்கு?" என்றேன்.

"எங்க ஆளுக்குத்தான். வெயிலடிச்சா ஒரு கொழப்பமும் இல்ல. அந்தி மயங்கினாலோ மஞ்சு எறங்கினாலோ கண்ணுல கரியத் தேச்சது கணக்காவும். வலிய டாக்டரு பாத்தாச்சு. ஆபரேஷன் செய்தாலும் நேரே ஆவாதுண்ணுட்டாரு."

அடப்பாவிகளா! ரெண்டு வருஷமாக அந்த ஜீப்பில் ஏறி இறங்குகிறேன். இடப்பக்கம் பாதாளம், வலப்பக்கம் பாறை, நடுவில் ஒரு ஜீப் அகலத்துக்குத் தார். சாயங்காலம் நாலு மணிக்கே மேகம் இறங்கிவிடும் இடம். அந்தப் பாதையில் நான் பாதித் தூக்கத்தில் தலையாட்டிக்கொண்டு வந்திருக்கிறேன், ஓட்டுகிறவருக்குக் கண் தெரியாது! உலகத்துக்கெல்லாம் உயிரின் அருமையை எடுத்துச் சொல்லி பாலிசி விற்கும் எனக்கு என் உயிர் யார் கையில் இருந்தது என்றே தெரியாமல் போயிற்று. நயினாரின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏறுகிற ஆட்களுக்குத் தெரியுமா?"

"லயத்துல எல்லாவருக்கும் தெரியும். உங்களுக்கு ஆரும் சொல்லல்லியா?"

சொன்னாள் பாருங்கள், அது என்னவோ என் தப்பு மாதிரி! நான் கத்திவிட்டேன். இது கொலைக் குற்றம், போலீசில் சொன்னால் லைசென்ஸ் போய்விடும், ஒரு நாள் வண்டியோடு எல்லோரும் பள்ளத்தில் கிடப்பீர்கள் என்று என்னவெல்லாமோ சொன்னேன். தெருவில் போகிறவர்கள்கூட நின்று பார்த்தார்கள். ரத்னாபாய் முழுவதும் கேட்டாள். கோபப்படவில்லை. "எல்லாம் செரிதான் சாரே," என்றாள். "மேல லயத்துல ஒரு பெண்ணுக்கு வலி எடுத்தா பஸ்ஸு வாற வரைக்கும் பிள்ள காத்து நிக்குமா? இவருல்லா கொண்டு போவணும். வேற வண்டி எவனும் அந்தக் குழி ரோட்டுல எறக்க மாட்டான். பின்னே, ஸ்டியரிங்க விட்டா இந்த மனுஷன் இருக்க மாட்டாரு. நான் பாத்துக்கிடுவேன். நல்ல டார்ச்சு ஒண்ணு கையில உண்டுண்ணா ஒண்ணும் வராது."

அவள் அதை மெய்யாகவே நம்பினாள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நல்ல டார்ச் இருந்தால் கண் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று ஒரு மனுஷி, அதுவும் இத்தனை சூட்டிகையான மனுஷி, மனசார நம்பினாள்.

அவர்களுடைய ஏற்பாட்டையும் அன்றைக்கு அவளே சொன்னாள். நான் எப்போதும் மதிய டிரிப்பிலேயே இறங்கிவிடுவதால் அதைப் பார்க்க நேர்ந்ததில்லை. மூடுபனி இறங்கினால் ஜீப் நின்றுவிடும். இவள் இறங்கி, பள்ளத்து ஓரமாக ஜீப்புக்கு முன்னால் நடப்பாள். டார்ச்சின் கண்ணாடியைப் பின்பக்கமாகத் திருப்பி, புருஷனுக்குத் தெரியும்படி இடுப்போரம் பிடித்துக்கொள்வாள். அந்த ஒற்றை வெளிச்சத்தைப் பானெட்டின் இடது மூலைக்கு நேராக வைத்துக்கொண்டு யோசுவா மெல்ல உருட்டுவார். வெளிச்சம் போகிற வழி வண்டி போகும். வளைவு வந்தால் அவள் அங்கே நின்று, ஜீப் பக்கத்தில் வந்த பிறகே திரும்புவாள். இதற்குத்தான் ஈரக் கையில் எரியும் டார்ச், விழுந்தால் உடையாத டார்ச், நடுவில் பொட்டில்லாத வெளிச்சம்!

வெள்ளை வெளிச்சத்தை மூடுபனி திருப்பி மூஞ்சியிலேயே அடிக்கும் என்பது அவள் கண்டுபிடித்த இன்னொரு விஷயம். கிறிஸ்துமசுக்கு வாசலில் தொங்கவிடும் நட்சத்திரத்திலிருந்து மஞ்சள் கண்ணாடித்தாளைக் கிழித்து டார்ச்சுக்கு ஒட்டிவிட்டாள். பனிக்குள் மஞ்சள் தெளிவாகத் தெரிந்தது. பகலில் வண்டியில் கிடக்கும்போது குலுங்கிப் பட்டன் தானாக விழுந்து பேட்டரி தீர்ந்துவிடாமலிருக்க, ஒரு பேட்டரியைத் தலைகீழாகப் போட்டு வைப்பாள். வேண்டும்போது கண்ணை மூடிக்கொண்டு நேராக்கிவிடுவாள். மாதத்துக்கு ஒரு தடவை, கெட்டுப்போனாலும் போகாவிட்டாலும், சாலைக் கடைத்தெருவுக்கு வந்து டார்ச் பார்ப்பாள். வேறு கடை, வேறு மாடல், இன்னும் நல்லது ஒன்று வந்திருக்குமோ என்று ஒரு தவிப்பு. மற்றப் பெண்கள் நகைக்கடையில் நிற்கும் நேரமெல்லாம் இவள் டார்ச் கடையில் நிற்பாள்.

நயினார் லேசுப்பட்ட ஆளில்லை. அன்றைக்கு அவள் எடுத்த எட்டுப் பட்டை டார்ச் மாடலையே கண்ணாடிப் பெட்டியில் முன்னால் அடுக்கி, வருகிறவர்களிடமெல்லாம் "தூக்கிப் போட்டாலும் ஒடையாது, வாளியில முக்கியே பாத்தாச்சு" என்று தானே சோதித்ததுபோல அளந்தார். இதற்கிடையில் லயத்திலும் பேச்சுப் பரவிவிட்டது. ரத்னாபாய் அக்கா வாங்கிய டார்ச் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கொழுந்து கிள்ளப் போகிற பெண்கள், காவல்காரர், கோயில் பூசாரி என்று ஆளாளுக்கு அதே டார்ச்சை அவளிடமே சொல்லி வாங்கினார்கள். பை நிறைய டார்ச்சோடு அவள் மலையேறுவாள். ஒவ்வொன்றையும் தரையில் போட்டுப் பார்த்து, குலுக்கிப் பார்த்து, வீட்டில் வைத்தே மஞ்சள் தாளும் ஒட்டிக் கொடுப்பாள். அந்த ஊரில் அதற்குப் பெயரே "ரத்னாபாய் லைட்" என்றாகிவிட்டது. அந்தப் பெருமையில் அவள் முகம் சிவந்து கிடக்கும். எனக்கும் ஒன்று நீட்டினாள். உங்கள் டார்ச்சும் வேண்டாம், உங்கள் ஜீப்பும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதன்பிறகு பஸ்ஸில்தான் போய்வந்தேன்.

துலா மாசத்து மழை பெய்த ஒரு நாள், திரும்புகிற பஸ் வரவில்லை. கீழே எங்கோ மரம் விழுந்து பஸ் பாதியிலேயே திரும்பிவிட்டது என்றார்கள். அதற்குள் மரத்தை ஓரமாக ஒதுக்கி ஜீப் போக இடம் செய்தாயிற்றாம். மறுநாள் காலை திருவனந்தபுரத்தில் என் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். டீக்கடை முன்னால் நின்ற ஜீப்பிலிருந்து யோசுவா கையைக் காட்டினார்.

"ஏறுங்க சாரே. பேடிக்காண்டாம். வழியெல்லாம் எனக்கு மனப்பாடமாக்கும்."

மனப்பாடமாம்! வேறு வழியில்லை, ஏறினேன். மணி நாலுகூட ஆகவில்லை. ரத்னாபாய் நடுவில், நான் இடது ஓரம். தண்ணீர்த் தொட்டி வளைவு தாண்டியதும் மூடுபனி முழுசாக இறங்கிவிட்டது. பானெட்டே தெரியவில்லை. யோசுவா வண்டியை நிறுத்தினார். ரத்னாபாய் என்னைத் தாண்டி இறங்கி, டார்ச்சைத் திறந்து பேட்டரியை நேராக்கிப் போட்டு, நடக்கத் தொடங்கினாள். வெள்ளைக்குள் ஒரு மஞ்சள் புள்ளி மட்டும் மிதந்து போயிற்று. யோசுவா ஸ்டியரிங்மேல் கவிழ்ந்து அதையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். கண்ணைச் சிமிட்டக்கூட இல்லை. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு எனக்குத் தெரிந்த சாமி பேரையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், கொஞ்ச நேரத்தில் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. புள்ளி நின்றால் வண்டி நின்றது. புள்ளி நகர்ந்தால் வண்டி நகர்ந்தது. அத்தனை ஒழுங்கு. இந்தம்மாவைப் போய் அன்றைக்குக் கடையில் அப்படித் திட்டினோமே என்றுகூடத் தோன்றியது.

அடுத்த வளைவில் பாதை பாறையைச் சுற்றி வலப்பக்கம் திரும்பும். நேரே போனால் தேயிலைச் சரிவு. அதன் நடுவே லயத்து ஆட்கள் ஏறி இறங்குகிற ஒற்றையடிப் பாதை. எப்போதும் வளைவில் நிற்கிறவள் அன்றைக்கு நிற்கவில்லை. திருப்பத்துக்கு அப்பால் பாதையில் ஒரு பெரிய கிளை விழுந்து கிடந்திருக்கிறது. ஜீப் வருவதற்குள் இழுத்துப் போட்டுவிடலாம் என்று நாலு எட்டு முன்னால் போய்விட்டாள். மஞ்சள் புள்ளி பாறைக்குப் பின்னால் மறைந்தது. யோசுவாவின் கால் பிரேக்குக்குப் போனது. நான் பார்த்தேன், போனது.

அதே நேரத்தில் நேர் எதிரே மஞ்சள் வெளிச்சம் வந்தது.

யோசுவாவின் கால் பிரேக்கிலிருந்து எடுபட்டது. "ஆங், உண்டு," என்று நிம்மதியாகச் சொல்லிக்கொண்டு வெளிச்சத்துக்கு நேராக வண்டியை விட்டார். எனக்கும் அது ரத்னாபாய் என்றுதான் தோன்றியது. அதே உயரம், அதே நிறம், அதே ஆட்டம். பிறகு என் காலுக்குக் கீழே கற்கள் உருண்டு விழுகிற சத்தம். வண்டியின் இடது மூக்கு தொபுக்கென்று கீழே இறங்கியது. என் பக்கத்துக் கதவுக்கு வெளியே தரையே இல்லை.

"நிறுத்துங்கோ! ஐயோ, நிறுத்துங்கோ!"

அலறியது நான்தான், என் குரல் எனக்கே தெரியவில்லை. யோசுவா பிரேக்கில் ஏறி நின்றுவிட்டார். முன்சக்கரம் அந்தரத்தில் தொங்கிற்று. அடிப்பாகம் ஒரு பழைய தேயிலைத் தூரில் போய் முட்டிக்கொண்டு, வண்டி கீழே போகலாமா வேண்டாமா என்று ஆடிற்று. பின்சக்கரம் பிடித்துக்கொண்டதால் இதை எழுத நான் இருக்கிறேன்.

எதிரே வந்த வெளிச்சம் ஜீப்பின் மூக்குக்குக் கீழே, கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. அதைப் பிடித்துக்கொண்டு முக்காடு போட்ட ஒரு பெண். கீழ் லயத்து உலகம்மாள். முதுகில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு முழம் நகர்ந்திருந்தால் அந்த இரண்டு பேர் தலைமேல்தான் வண்டி இறங்கியிருக்கும். என்ன நடந்தது என்பதே அவளுக்குப் புரியவில்லை.

பாறைக்கு அப்பாலிருந்து ரத்னாபாய் ஓடி வந்தாள். கையில் அவளுடைய டார்ச்சும் எரிந்துகொண்டிருந்தது. ஜீப்பைப் பார்த்தாள். சரிவில் நின்ற பெண்ணைப் பார்த்தாள். ஒரே மாதிரி இரண்டு மஞ்சள் வெளிச்சம் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தது.

உலகம்மாள் சரிவிலிருந்து ஏறி வந்து, மூச்சு வாங்கச் சிரித்தாள். "நல்ல வேளக்கா, நீங்க வாங்கிக் குடுத்த லைட்டு இருந்திச்சு! இல்லாட்டி இந்தப் பனியில வண்டி வாறது தெரியாம நேர வந்து முட்டியிருப்பேன். என்னா வெளிச்சம்! அக்கா தேடி எடுத்தா எடுத்ததுதான்."

இரண்டு டார்ச்சும் பளிச்சென்று எரிந்தன. ஒன்றுகூடப் பழுதில்லை. ரத்னாபாய் உலகம்மாளின் முக்காட்டை விலக்கி, குழந்தையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

நான் வலப்பக்கம் தவழ்ந்து பின்சீட்டு வழியாக இறங்கிவிட்டேன். யோசுவா மட்டும் சீட்டில் அப்படியே இருந்தார். எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல் முகத்தை இங்கும் அங்கும் திருப்பினார்.

"ஏட்டி ரெத்னம்," என்றார். "நான் ஒன்னத்தானட்டீ பாத்துக்கிட்டு வந்தேன்."

அவள் டிரைவர் பக்கம் வந்து, உள்ளே கையை நீட்டி ஹேண்ட்பிரேக்கை இழுத்து, எஞ்சினை நிறுத்தினாள். சாவியை உருவினாள். அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். சட்டென்று தலையை உயர்த்தினார்.

"சாவிய எடுத்தியா? தா இஞ்ச. பின்னுக்கு எடுத்து நேரே ஆக்குகேன். ஒண்ணுமில்ல, ஒரு சின்ன சறுக்குதான். ஆரையாச்சும் பிடிச்சுத் தள்ளச் சொல்லு. லயத்துக்கு நாளைக்கு அரிசி ஏத்தணும்லா. தாட்டீ."

நான் ரத்னாபாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொடுத்துவிடுவாளோ? இருபது வருஷமாக அவர் கேட்டதை எல்லாம் கொடுத்த பெண். யோசுவா கதவுக்கு வெளியே கையை நீட்டி, உள்ளங்கையை விரித்துக் காத்திருந்தார்.

சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள். விரித்து வைத்திருந்த அந்த உள்ளங்கையில் தன் கையை வைத்து, அவரை இறுகப் பிடித்து, டிரைவர் சீட்டிலிருந்து கீழே இறக்கினாள்.